லினக்ஸ் பயனர் குழுவில் சேர்ந்தாயிற்று. அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

கேள்வி: தட்டச்சுக்காரி, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் தட்டச்சு, டிடிபி, ஜெராக்ஸ் வேலைகளைச் செய்து தரும் ஒரு சிறிய கடையை நானும் என் தங்கையும் நடத்திவருகிறோம். கடைக் கணினிகள் எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 தான் இருந்தது. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் வசதியும் இந்தப் பழைய கணினிகளில் இல்லை. அவற்றைக் கழித்துவிடுவதா வேறு வழி பார்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வட்டாரத்து லினக்ஸ் பயனர் குழுவினர் ஒரு முகாம் நடத்துவதாகக் கேள்விப்பட்டுச் சென்று, ஒரு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன். அன்றே அவர்களுடைய மின்னஞ்சல் குழுவிலும் டெலிகிராம் குழுவிலும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

குழுவுக்குச் சந்தா கிடையாது, அலுவலகம் கிடையாது, சம்பளம் வாங்கும் ஆள் ஒருவரும் கிடையாது. எல்லோரும் தங்கள் வேலை நேரம் போக மீதி நேரத்தில் செய்கிறார்கள். அதனாலேயே ஒரு சந்தேகம் கேட்பதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாதாந்திரக் கூட்டங்களுக்குப் போகிறேன். ஆனால் டாக்கர், சர்வர், பைத்தான் என்று பேச்சு போகும்போது பாதிக்கு மேல் புரிவதில்லை. எனக்கு உடனடியாகத் தேவைப்படுபவை வேறு: பாமினி எழுத்துருவிலும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் குவிந்து கிடக்கும் பழைய கோப்புகளை மீட்க வேண்டும், லேசர் பிரிண்டரை இயக்க வேண்டும், லினக்ஸில் தமிழ்த் தட்டச்சு வேகம் குறையாமல் இருக்க வேண்டும்.

இந்தக் குழுவின் உறுப்பினராக இருப்பதன் பலனை எப்படி முழுமையாகப் பெறுவது? வாங்கிக்கொண்டே இருக்காமல் நானும் ஏதாவது திருப்பிச் செய்ய விரும்புகிறேன். நிரல் எழுதத் தெரியாத ஒருத்தியால் என்ன செய்ய முடியும் என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: வேர்ப்பயனர், சென்னை

வணக்கம் சகோதரி. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் நெடுங்காலம் இரண்டாம் சனிக்கிழமைகளில் கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களில் பழகியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். கேள்வியே வராத மின்னஞ்சல் குழு சில மாதங்களில் வெறும் அறிவிப்புப் பலகையாகிவிடும். அதன்பின் விடை தெரிந்தவர்களும் அதைத் திறந்து பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே நீங்கள் கேட்பது யாருக்கும் பாரமாகாது. எங்கே கேட்கிறீர்கள், எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும்.

முகாமில் உங்களுக்கு லினக்ஸ் நிறுவித் தந்தவரின் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கும். சிக்கல் வந்ததும் அவரை அழைக்கத்தான் யாருக்கும் தோன்றும். முகாமுக்கு வந்த எல்லோரும் அப்படி அவரையே அழைத்தால், அடுத்த முகாமை நடத்த அவருக்குத் தெம்பு இருக்காது. தொலைபேசியில் கிடைத்த விடை இரண்டு பேரோடு முடிந்துவிடுகிறது. டெலிகிராமில் கேட்டால் உடனே பதில் கிடைக்கலாம். ஆனால் இரண்டு நாளில் அது நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடும். மின்னஞ்சல் குழுவில் கேட்ட கேள்வி காப்பகத்தில் தங்குகிறது. ஓராண்டு கழித்து மன்னார்குடியில் டிடிபி கடை வைத்திருக்கும் இன்னொருவர் அதே சிக்கலைத் தேடும்போது உங்கள் மடல் அவர் கண்ணில் படும். அவசரத்துக்கு டெலிகிராமில் கேளுங்கள், தவறில்லை. தீர்வு கிடைத்தபின் அதைச் சுருக்கி மின்னஞ்சல் குழுவுக்கு ஒரு மடலாக அனுப்பிவிடுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதற்கு உங்கள் பிரிண்டரையே எடுத்துக்கொள்வோம். “பிரிண்டர் வேலை செய்யவில்லை, உதவுங்கள்” என்று எழுதினால், படிப்பவர் உங்களிடம் ஐந்தாறு கேள்விகளைத் திருப்பிக் கேட்க வேண்டும். பலர் அதற்கு முன்பே அடுத்த மடலுக்குப் போய்விடுவார்கள். லினக்ஸ் மின்ட்டின் எந்தப் பதிப்பு, பிரிண்டரின் மாடல் எண் என்ன, யுஎஸ்பி கம்பி வழியாக இணைத்திருக்கிறீர்களா வைஃபை வழியாகவா, முனையத்தில் (டெர்மினல் சாளரத்தில்) ‘எல்எஸ்யுஎஸ்பி’ (lsusb) என்ற கட்டளையைக் கொடுத்தால் வரும் பட்டியலில் பிரிண்டரின் பெயர் இருக்கிறதா, அச்சுக்குக் கொடுத்த வேலை வரிசையில் அப்படியே நிற்கிறதா அல்லது முடிந்துவிட்டதாகக் காட்டிவிட்டு வெற்றுத் தாள் வருகிறதா என்பவற்றை முதல் மடலிலேயே எழுதிவிடுங்கள். ஒவ்வொரு தகவலும் சந்தேகத்துக்குரிய ஓர் இடத்தைக் கழித்துவிடுகிறது. பட்டியலில் பெயர் இருந்தால் கம்பியும் பொருத்துவாயும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். வேலை வரிசையில் நின்றால், அச்சு வேலைகளைக் கவனிக்கும் கப்ஸ் என்ற மென்பொருளின் பிழைப்பதிவைப் பார்க்க வேண்டும். மாடல் எண்ணை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், விலை குறைந்த பழைய லேசர் பிரிண்டர்கள் பல பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் போன்ற பொதுவான மொழிகளை அறியாமல், தயாரிப்பாளரின் சொந்த மொழியை மட்டுமே அறிந்தவை. அவற்றுக்கென்று தனி இயக்கி (டிரைவர்) தேவை. அது கிடைக்குமா என்பதை மாடல் எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பிழைச் செய்தியை எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள்; படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் காப்பகத்தில் தேட முடியாது. சிக்கல் தீர்ந்ததும், எது செய்து தீர்ந்தது என்று அதே இழையில் எழுதுங்கள். “சரியாகிவிட்டது, நன்றி” என்று மட்டும் முடியும் இழைகளைப் படித்துப் படித்து நான் நொந்திருக்கிறேன், ஏனென்றால் பின்னால் வருபவருக்கு அதில் ஒன்றுமே இருப்பதில்லை.

கூட்டத்தைப் பற்றி ஒரு பழைய செய்தியைச் சொல்கிறேன். 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கார் கொட்டகையில் முதன்முறையாகக் கூடியது ஹோம்ப்ரூ கணினி மன்றம். ஸ்டீவ் வாஸ்னியாக் ஆப்பிள் 1 கணினியின் சுற்றுவரைபடங்களைப் பிறருக்குப் பகிர்ந்தது அந்த மன்றத்தில்தான். லீ ஃபெல்சன்ஸ்டைன் நெறிப்படுத்திய அதன் கூட்டங்களில், முதற்பகுதியில் ஒவ்வொருவரும் எழுந்து தம்மிடம் என்ன இருக்கிறது, தமக்கு என்ன தேவை என்று சொல்வார்கள். அடுத்த பகுதியில் அவரவர் தமக்குத் தேவையானவரைத் தேடிப் போய்ப் பேசுவார்கள். நம் குழுக்களில் பெரும்பாலும் உரை மட்டும் நடக்கிறது, இந்த முதற்பகுதி விடுபட்டுவிடுகிறது. உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, கூட்டத்தின் தொடக்கத்தில் அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். “என்னிடம் பேஜ்மேக்கர் கோப்புகள் இருக்கின்றன, பிரிண்டர் ஓடவில்லை, தமிழ்த் தட்டச்சு எனக்கு நன்றாகத் தெரியும்” என்று நீங்கள் எழுந்து சொன்னால், அன்றைய டாக்கர் உரையைவிட உங்களுக்கு அது பயன்படும். உங்களோடு பேச வேண்டியவர் யார் என்பது அந்த அறையிலேயே தெரிந்துவிடும்.

மறுமொழி: ஞாயிறு வகுப்பு, விழுப்புரம் மாவட்டம்

வணக்கம் தோழர். மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். இரண்டு மூன்று செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

புரியாத உரைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உரையின் தலைப்பு முன்கூட்டியே வரும்போது, அதில் உங்களுக்குத் தெரிய வேண்டிய ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள். சர்வர் பற்றிய உரை என்றால், “கடைக் கோப்புகளை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஓரிடத்தில் வைக்க இது உதவுமா?” என்று கேட்கலாம். பேசுபவருக்கும் அப்படிப்பட்ட கேள்வி நல்லது. தமிழில், நடைமுறைக்குப் பொருந்தும்படி விளக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வருகிறது.

நிரல் எழுதாதவர்கள் செய்யக்கூடிய வேலை குழுவில் ஏராளமாக இருக்கிறது. நிரல் எழுதுபவர்கள் அவற்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார்கள். கூட்டக் குறிப்புகளைத் தமிழில் எழுதி மறுநாளே அனுப்புவது, முகாமுக்கு வருபவர்களின் பெயரையும் கணினி விவரத்தையும் பதிவுசெய்வது, நிறுவியபின் ஒரு வாரம் கழித்து அவர்களை அழைத்து எல்லாம் ஓடுகிறதா என்று கேட்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது வேலையைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். நிறுவியபின் விசாரிப்பார் இல்லாமல், ஒரு சிறிய தொல்லைக்காகப் பழைய இயங்குதளத்துக்கே திரும்பிப் போனவர்கள் நிறைய. ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் தவறாமல் செய்யுங்கள். கடைக்குக் கூட்டம் வரும் திருமண மாதங்களில் முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன்னார்வக் குழுவில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையில் மென்பொருள் விடுதலை நாள் வருகிறது. அதற்குக் குழுக்கள் பள்ளி, கல்லூரிகளில் அரங்குகள் வைப்பது வழக்கம், துண்டறிக்கைகளும் தேவைப்படும். நீங்கள் அச்சுத் தொழிலில் இருப்பதால் எல்லாவற்றையும் இலவசமாகச் செய்து தர முன்வருவீர்கள் என்று தோன்றுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தாளுக்கும் டோனருக்கும் ஆன செலவைப் பெற்றுக்கொள்ளுங்கள், வடிவமைக்கும் உழைப்பை மட்டும் கொடையாகத் தாருங்கள். கைப்பணத்தைப் போட்டு உழைப்பவர்கள் சீக்கிரம் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தங்கையையும் தனி உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். இருவரில் ஒருவர் கடையைப் பார்த்துக்கொள்ளும்போது மற்றவர் கூட்டத்துக்குப் போக முடியும். இணையவழியில் நடக்கும் கூட்டங்களுக்குக் கடையிலிருந்தே சேரலாம். காஞ்சிபுரம் குழு போலத் தமிழிலேயே உரையாடும் குழுக்களின் இணையவழிக் கூட்டங்களில் வெளியூர்க்காரர்களும் சேர்ந்துகொள்ளலாம்.

மறுமொழி: எழுத்துரு ஆர்வலர், கோயம்புத்தூர்

வணக்கம். வேர்ப்பயனர் ஐயா சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். எல்லாக் கேள்விகளும் உள்ளூர்க் குழுவின் மின்னஞ்சலோடு நின்றுவிடக் கூடாது. உங்கள் பிரிண்டர் சிக்கல் குழுவில் தீரும். பாமினி, பேஜ்மேக்கர் சிக்கல்கள் அப்படியல்ல. அவற்றில் சில, மென்பொருளை உருவாக்குபவர்களிடமே போய்ச் சேர வேண்டிய பிழைகள். அங்கே வழுவறிக்கை (பிழையை விவரித்துத் தெரிவிக்கும் குறிப்பு) எழுதுவதற்கு உதவி கேட்கும் இடமாகக் குழுவைப் பயன்படுத்துங்கள். வழுவறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டியிருக்கும். நீங்கள் தமிழில் எழுதித் தந்தால் மொழிபெயர்த்துப் பதிய ஒருவர் நிச்சயம் கிடைப்பார்.

உங்களிடம் குழுவுக்குக் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். குழுவில் உள்ள நிரலாளர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. பாமினியில் பல ஆண்டுகள் தட்டச்சு செய்த விரல்களும், பிழை திருத்திப் பழகிய கண்ணும் அவர்களுக்குக் கிடையாது. விளக்கமாகச் சொல்கிறேன்.

பாமினி போன்ற எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விசைகளை அழுத்தினால் திரையில் ‘அம்மா’ தெரியும். கணினிக்கு அது இன்னமும் ஆங்கில எழுத்துதான். அதனால் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கோப்பு முழுவதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிகிறது. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றும் நிரல்கள் பல இருக்கின்றன. அவற்றை எழுதுபவர்கள் தடுமாறும் இடம் கொம்புதான். பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய்யை அடிக்கிறோம். ஒருங்குறியிலோ மெய் முதலில் வந்து கொம்பு பின்னால் வர வேண்டும். ‘கொ’ என்பதற்கு, ககரத்துக்கான எஃப் விசைக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் இருக்கும். மூன்றையும் ஒன்றாகப் பிடித்து மாற்றாமல், ககரத்தையும் காலையும் முதலில் சேர்த்து ‘கா’ ஆக்கிவிட்டால், கொம்பு அனாதையாக நிற்கும்.

இதைவிடக் கடினமானது ஔகாரம். ‘வௌவால்’ என்பதில் வரும் ஔகாரக் குறியின் பின்பாதியும் ‘வெளி’ என்பதில் வரும் ளகரமும் பாமினியில் ஒரே விசை. எனவே ‘கொம்பு, மெய், ள வந்தால் ஔகாரமாக்கு’ என்று விதி எழுதிய நிரல், ‘வெளியே’ என்ற சொல்லையும் ‘வௌியே’ என்று சிதைத்துவிடுகிறது. இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தச் சிதைவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது ஔகாரம் ஆகாது என்று விதியைத் திருத்தினால் பெரும்பகுதி சரியாகும்; அதற்கும் அடங்காத சொற்களுக்கு அகராதி தேவைப்படும். அந்தச் சொற்களைத் தேடிப் பட்டியலிட்டுத் தரக்கூடியவர் உங்களைப் போன்றவர்தான்.

இன்னொரு சிக்கல், ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருப்பது. வெறும் உரையாக எடுத்து மாற்றினால் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குழம்பிவிடும். ஆகவே எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருக்கிறது என்ற தகவல் அழியாமல், லிப்ரெஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளின் ஆவணமாக வைத்துக்கொண்டே மாற்றும் நிரலைக் கேளுங்கள். குழுவில் பைத்தான் பயிலும் மாணவர்கள், செய்வதற்கு ஒரு உருப்படியான பணித்திட்டம் கிடைக்காமல் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு இது அருமையான பணி. நீங்கள் தேவையைச் சொல்லிச் சோதித்துப் பார்ப்பவர், அவர்கள் எழுதுபவர்கள்.

பேஜ்மேக்கர் கோப்புகளைப் பொறுத்தவரை, 2015இல் வந்த லிப்ரெஆபிஸ் 4.4 பதிப்பு முதல் அவற்றைத் திறக்கும் வசதி இருக்கிறது. பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உரையை மீட்க அது போதும். புதிதாகப் பக்க வடிவமைப்புச் செய்ய ஸ்கிரைபஸ் இருக்கிறது. அதன் பழைய 1.4 வரிசையில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரியும் என்பதால் பலர் அதைக் கைவிட்டார்கள். 2024இல் வெளியான 1.6 பதிப்பில் தமிழ் ஒழுங்காக வருகிறது. பழைய பதிப்பை வைத்து முடிவுசெய்துவிட வேண்டாம்.

தட்டச்சு வேகம் பற்றிய கவலையும் வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் என்ற தொகுப்பின் விசைப்பலகைகளை நிறுவினால் தமிழ் 99 என்ற விசைப்பலகை முறை, பழைய தட்டச்சுப்பொறி முறை இரண்டும் அதில் இருக்கின்றன. எது உங்களுக்குக் கைவந்ததோ அதிலேயே ஒருங்குறியில் அடிக்கலாம். தமிழ் 99ஐப் புதிதாகக் கற்பவர்களுக்கு நீங்களே குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேர வகுப்பு எடுக்க முடியும். கணினி தெரிந்த பலருக்குத் தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரியாது.

மறுமொழி: தட்டச்சுக்காரி, கும்பகோணம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிரிண்டர் பற்றிய மடலை, வேர்ப்பயனர் ஐயா சொன்ன விவரங்களோடு இன்றிரவே மின்னஞ்சல் குழுவுக்கு எழுதுகிறேன். முகாமுக்கு வந்தவர்களை ஒரு வாரம் கழித்து அழைத்து விசாரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொள்வதாக ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டேன். கடையில் அமர்ந்தபடியே செய்யக்கூடியது என்பதால் அது எனக்கு ஏற்றதாக இருக்கும்.

எழுத்துரு ஆர்வலர் ஐயாவிடம் ஒரு கேள்வி. பாமினிக் கோப்புகளை மாணவர்களுக்குச் சோதிக்கத் தர எனக்கு விருப்பம்தான். ஆனால் அவற்றில் கிரயப் பத்திரங்கள், சாதகங்கள், வாடகை ஒப்பந்தங்கள் என்று வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்கள் நிறைந்திருக்கின்றன. பெயர்களை மட்டும் மாற்றித் தந்தால் போதுமா?

மறுமொழி: எழுத்துரு ஆர்வலர், கோயம்புத்தூர்

போதாது, அம்மா. பெயரை மாற்றினாலும் சர்வே எண், கதவு எண், ஆதார் எண், பிறந்த நேரம், எல்லைக் குறிப்புகள் ஆகியவை ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கோப்பின் பண்புகளிலும் பழைய தலைப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். வாடிக்கையாளரின் கோப்பு எதையும் கடைக்கு வெளியே அனுப்பவே வேண்டாம்.

சோதனைக்கென்று புதிய கோப்பு ஒன்றை நீங்களே பாமினியில் தட்டச்சு செய்து தாருங்கள். முதல் பக்கத்தில் 247 எழுத்துகளும் வரிசையாக இருக்கட்டும். அடுத்து ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவை உயிர்க்குறிகளோடும், ஸ்ரீ தனியாகவும் வரட்டும். அதன்பின் வெளி, தெளிவு, வௌவால், கௌரவம், பௌர்ணமி போன்ற சொற்களும், நடுவில் ஆங்கிலச் சொல்லும் எண்களும் கலந்த சில வரிகளும், ஒரு அட்டவணையும் இருந்தால் நல்லது. பத்திர நடையில் ஒரு பக்கம் வேண்டுமென்றால், இல்லாத ஊர், இல்லாத ஆட்களை வைத்துக் கற்பனையாக எழுதிவிடலாம். அதே உரையை ஒருங்குறியிலும் பிழையில்லாமல் அடித்து, இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். நிரல் தரும் விடையை உங்கள் ஒருங்குறிக் கோப்போடு ஒப்பிட்டு, எந்தெந்த எழுத்து தவறியது என்று மாணவர்கள் கணினியிலேயே கண்டுகொள்வார்கள். நிரல் தயாரானதும் அதை உங்கள் கடைக் கணினியில் நிறுவித் தரச் சொல்லுங்கள்; உண்மையான பத்திரங்களை நீங்களே அங்கே மாற்றிப் பார்த்து, தவறிய சொல்லை மட்டும் அவர்களுக்கு எழுதி அனுப்பினால் போதும்.